சீசன் எப்படி என்று கேட்பவர்கள்

கைபேசி ஒலித்தபோது நான் மொட்டைமாடியில் தலையணைகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதத்தின் தொடக்கம். அந்த நேரத்தில் வெயில் அடித்தால் தென்காசிக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அன்றைக்கு வெயில் தேவைப்பட்டது. பரணில் கிடந்த தலையணைகள் அவை. ஒவ்வொன்றையும் தட்டும்போது எழுந்த தூசியில், போன வருஷம் வந்து போனவர்களின் தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியிருந்தேன், கட்டிலில் என் மனைவியின் பக்கம் கிடந்த இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைத் தவிர.

கீழே இறங்கி வருவதற்குள் ஒலி நின்று, மறுபடி ஒலித்தது. அது என் மனைவி உலகம்மாளின் கைபேசி. அவள் சென்ற ஐப்பசியில் காலமானாள். எண்ணை நான் துண்டிக்கவில்லை. காரணம் கேட்டால், உறவினர் அனைவரிடமும் அந்த எண்தான் இருக்கிறது என்று சொல்வேன்.

பேசியவர் விருதுநகரில் இருக்கும் அவளுடைய பெரியம்மா மகன். என் உடல்நிலையை விசாரித்தார். சர்க்கரை அளவை விசாரித்தார். சமையலுக்கு ஆள் வருகிறதா என்று விசாரித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கேட்கக்கூடாததைக் கேட்பவர்போல் கேட்டார்.

“அங்கன சீசன் எப்படி இருக்கு அத்தான்?”

நான் விடையளித்தேன். “தென்மேற்குக் காற்று இன்னும் வலுப்பெறவில்லை. மலையுச்சியில் மேகம் நிற்கிறது, இறங்கவில்லை. பேரருவியில் ஆண்கள் பகுதியில் ஓரளவு நீர் விழுகிறது. பெண்கள் பகுதியில் பாறை நனைகிறது, அவ்வளவுதான். ஐந்தருவியில் எல்லாக் கிளைகளிலும் நீர் இல்லை. புலியருவியின் நிலையை நாளை காலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”



“சரி அத்தான். ஒடம்பப் பாத்துக்கோங்க” என்று வைத்துவிட்டார்.

கேட்ட கேள்விக்கு முறையாக விடை சொன்ன நிறைவோடு மாடிக்குப் போய், எஞ்சிய தலையணைகளைத் தட்டினேன்.

ஊருக்கு ஒரு சொல்

இந்தத் தொடரில் தயவுசெய்து இலக்கணம் பேசாதீர்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பேசப்போவதில்லை. பணிக்காலம் முழுவதும் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன், ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசிக்கொள்ள அனுமதி கோருகிறேன்.

ஆங்கிலேயர்களுக்கு ஆண்டில் நான்கு சீசன்கள் உண்டு. இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். எங்களுக்கு ஒன்றே ஒன்று. குற்றாலத்தில் தண்ணீர் விழும், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும், சாரல் அடிக்கும், அது சீசன். மற்ற மாதங்களுக்கு எங்களிடம் பெயரே கிடையாது. ‘ஆஃப் சீசன்’ என்று மொத்தமாகத் தள்ளிவிடுகிறோம்.

ஆனால் அந்த ஒரு சொல்லை நாங்கள் சும்மா உட்கார வைப்பதில்லை. செங்கோட்டையிலிருந்து ரயிலில் வந்த மாணவன் ஒருவன் வகுப்புக்கு வராததற்கு, “சீசன் முடிஞ்சிட்டு சார்” என்று காரணம் சொன்னான். மாதப் பயணச்சீட்டைச் சொல்கிறான். மருத்துவருக்கு நோய் பிடிபடாவிட்டால் அது ‘சீசன் காய்ச்சல்’. அருவிக்கரையில் ‘சீசன் துண்டு’ என்று ஒன்று விற்கிறார்கள். அதைத் தலைக்கு மேல் பிடித்தால் மலை முழுவதும் தெரியும். ஆவணி பிறந்தால் அது துண்டு துண்டாகிவிடும். ரம்புட்டான் விற்கிறவர் ஜூலையில் ராஜா, ஆஃப் சீசனில் யார் என்றே தெரியாது.

எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு வேங்கை மரம் வாங்கிக் கொடுத்திருந்தோம். ஆசாரி வந்து பார்ப்பார், மரத்தைத் தட்டுவார், “இன்னும் சீசன் ஆகல சார்” என்பார். காய்ந்து பக்குவப்படவில்லை என்று பொருள். ஓராண்டு இப்படியே போயிற்று. கதவில்லாத நிலைக்குச் சாக்குப் படுதா தொங்கியது.

“மரமெல்லாம் எப்பவோ ஆயிட்டு. இன்னும் ஆகாதது ஆசாரிதான்” என்றாள் உலகம்மாள், அவர் காதில் விழும்படி. மறுவாரம் கதவு வந்துவிட்டது.

ஆங்கிலம் கற்பிப்பவன் என்பதாலேயே, வீட்டுப் பேச்சில் அது கலப்பதை நான் விரும்பமாட்டேன். சீசன் என்பதற்குப் பதிலாகச் ‘சாரல் காலம்’ என்று சொல்லிப் பார்க்கும்படி அவளிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டேன்.

“சாரல் காலம்னு சொன்னா, ரேடியோவுல இருந்து பேசுதாங்கன்னு வச்சிருவாங்க” என்றாள்.

‘பருவம் எப்படி இருக்கிறது’ என்று நானே ஒரு பேருந்து நடத்துனரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வயசான காலத்துல என்ன கேள்வி கேக்கீய அண்ணாச்சி?” என்றார். அன்றோடு விட்டுவிட்டேன்.

உலகம்மாளின் அறிக்கை

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். மே மாதக் கடைசியில், ஆண்டு முழுவதும் பேசாத உறவெல்லாம் தொலைபேசியில் வரும். நலம் விசாரிக்கும். நலமாக இருக்கிறோம் என்று உறுதிப்பட்டதும், “சீசன் எப்படி?” என்று கேட்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு விடை சொல்லும் அதிகாரம் உலகம்மாளுக்கு மட்டும் உண்டு. அவள் சொல்லும் விடைகள் மூன்று வகை. முதலாவது, “அமோகமா இருக்கு”. இரண்டாவது, “சுமாரா இருக்கு”. மூன்றாவது, “வெயில் மண்டையப் பொளக்குது”.

இந்த மூன்றில் எதற்கும் வானிலையோடு தொடர்பில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். அவள் தங்கை பாப்பா மதுரையிலிருந்து கேட்டால், சித்திரை வெயிலிலும் அமோகமாக இருக்கும். வந்தால் நகராதவர்கள் கேட்டால் சுமாராகிவிடும். என் பெரியப்பா மகன் சிவகிரி சுப்பையா அண்ணன் கேட்டால், கட்டாயம் மண்டை பிளக்கும்.

அண்ணன் மோசமான மனிதர் அல்லர். ஆனால் எங்கள் வீட்டுத் தலையணைகள் செங்கல் மாதிரி இருக்கின்றன என்று தம் தலையணையைச் சிவகிரியிலிருந்து கொண்டுவருவார். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் இறங்குவதைத் தெருவே பார்க்கும். எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்பது உலகம்மாளின் வருத்தம். போதாததற்கு, குழம்பை முதல் வாய் உண்டதும், “உப்பு பரவால்ல” என்பார். அந்தப் ‘பரவால்ல’ அவளுக்கு அடுத்த சீசன் வரை போதும்.

ஒருமுறை வாசல் தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. அவர் அழைத்தார். அவள் கைபேசியை முந்தானையில் மூடிக்கொண்டு, உள்ளறைக்கு ஓடி, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து நின்று, “வெயில் மண்டையப் பொளக்குது அத்தான். மாடு கன்னெல்லாம் சுருண்டு கெடக்கு” என்றாள். எங்களிடம் மாடும் இல்லை, கன்றும் இல்லை.

மறுநாள் அவர் தலையணையோடு வந்து இறங்கினார். குடை பிடித்திருந்தார்.

“என்ன உலகம்மா, மழை இப்படிக் கொட்டுது?”

“உங்களப் பாத்ததும் வந்திட்டு அத்தான்” என்றாள்.

அவள் என்ன சொன்னாலும் அண்ணன் எப்படியும் வந்துவிடுவார். இவளும் ஏசிக்கொண்டே அவருக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதியை வைப்பாள். அவள் இறந்து துட்டி கேட்க வந்தபோது மட்டும் அவர் தலையணை இல்லாமல் வந்தார். வாசலில் சிறிது நேரம் நின்றார். மாலையே திரும்பிவிட்டார்.

ஆய்வுக்குச் சென்றது

இந்த ஆண்டுக்கு வருகிறேன்.

விருதுநகருக்குப் பிறகு தூத்துக்குடி அழைத்தது. கோவில்பட்டி அழைத்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி. எல்லாருக்கும் நான் உண்மையைச் சொன்னேன். உண்மை பிழையின்றி இருக்கவேண்டும் என்பதற்காக, நாள்தோறும் விடிந்ததும் நகரப் பேருந்தில் குற்றாலம் போய், அருவிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். பெண்கள் பகுதியில் நீர் எப்படி இருக்கிறது என்று, அங்கிருந்து வெளியே வந்த ஓர் அம்மையாரிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டேன். அவர் கணவர் வந்து என்னிடம் அதே மரியாதையோடு பேசினார். அதன்பின் அந்தப் பகுதி குறித்த தகவலை விட்டுவிட்டேன்.

பாப்பாவும் அழைத்தாள். அவளுக்கு அறுபது கடந்துவிட்டது. இன்னும் எல்லாருக்கும் பாப்பாதான். போன வருஷம்வரை ஒவ்வொரு சீசனுக்கும் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு வருவாள். வீடு ஒரு வாரத்துக்கு எங்களுக்குச் சொந்தமில்லாமல் போய்விடும். நான் தலையணைகளை வெயிலில் போட்டதும், பெரிய இட்லிக் கொப்பரையைப் பரணிலிருந்து இறக்கிப் புளிபோட்டுத் தேய்த்ததும் அவளுக்காகத்தான்.

“சீசன் எப்படி அத்தான்?” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

“சுமார்தான்” என்றேன். அன்றைய காலை நிலவரப்படி அதுதான் சரியான சொல்.

“சரி அத்தான்” என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய மூத்த மகன் செல்வம் பேசினான். “பெரியப்பா, பழைய குற்றாலம் போற வழியில ஒரு ரிசார்ட் இருக்காம்லா. இந்த வருஷம் அங்க தங்கிக்கலாம்னு பாக்கோம். உங்களுக்கும் தொந்தரவு இருக்காது. ரூம் எப்படின்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுதியளா?”

“பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

போய்ப் பார்த்தேன். வரவேற்பில் இருந்த இளைஞன் சாவியோடு கூட வந்தான். மெத்தையில் உட்கார்ந்து பார்த்தேன். மெத்தை நன்றாகவே இருந்தது. தலையணைகள் செங்கல் போல் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்து மூடினேன். சன்னலைத் திறந்தால் வாகன நிறுத்தம் தெரிந்தது. சாரல் உள்ளே வராதபடி எல்லாவற்றையும் நன்றாக அடைத்திருந்தார்கள்.

“பேமிலி ட்ரிப்பா சார்?” என்று இளைஞன் கேட்டான்.

“ஆம், என் உறவினர்கள்” என்றேன்.

“நீங்களும் வருவீங்களா?”

“நான் உள்ளூர்” என்றேன்.

வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே செல்வத்தை அழைத்து, குறை நிறைகளைச் சொன்னேன். நிறைகளே கூடுதல். அவன் மகிழ்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பதிவு செய்துவிடுவதாகச் சொன்னான். ஒருமுறை ரிசார்ட்டுக்குப் போய்ப் பழகிய குடும்பம் மறுபடி தரையில் பாய் விரித்துப் படுக்காது என்பது எனக்குத் தெரியும். கொப்பரையைப் பரணில் ஏற்றவேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

மைதீன் சிரித்தது

இந்த உரையாடலை அடுத்த வீட்டு மைதீன் தம் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடையநல்லூர்க்காரர். பல்லாண்டு வளைகுடாவில் இருந்துவிட்டு, இங்கே வீடு கட்டிக் குடிவந்தவர். பிறர் பேசுவதைக் கேட்பதை அவர் மறைப்பதே இல்லை. நாற்காலியை வசதியாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

“சார், ரூமு நல்லாருக்குன்னா சொன்னீங்க?”

“நன்றாக இருந்தது. சொன்னேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளா நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். போன் பண்ணுத ஆளுக்கெல்லாம் நீங்க தண்ணிக் கணக்கு சொல்லுதீங்க. தண்ணி எவ்வளவு விழுதுன்னு இப்ப யாரு சார் போன் போட்டுக் கேக்கா? காலைல கண்ணு முழிக்கதுக்குள்ள வீடியோ வந்திருது.”

“பிறகு எதைக் கேட்கிறார்கள்?”

“வரலாமான்னு கேக்காங்க. துட்டி வீடு. குளிக்க வாரோம்னு எந்த வாயால சொல்லுவாங்க? நீங்க வாங்கன்னு சொல்லுவீங்களான்னு பாக்காங்க. நீங்க என்னடான்னா, புலியருவிய நாளைக்குச் சொல்லுதேங்கீங்க.”

நான் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டேன்.

“நான் தம்மாம்ல இருக்கையில ஜூன் மாசமானா வீட்டுக்குப் போன் போட்டு, சீசன் எப்படின்னு கேப்பேன். அங்க அனல் அடிக்கும். லீவு கெடையாது. வர முடியாதுன்னு எனக்கும் தெரியும், எங்க வீட்டுலயும் தெரியும். அமோகமா இருக்கு, நீங்க இல்லாதது ஒண்ணுதான் கொறைன்னு சொல்லுவா. அதக் கேக்கத்தான் சார் அந்தப் போனு. இல்லன்னா அருவில எவ்வளவு தண்ணி விழுந்தா எனக்கென்ன?”

“உங்கள் மனைவி உண்மையைத்தானே சொல்லியிருப்பார்?”

“எங்க? ஒரு வருசம் பஞ்சம். கெணறு வத்தி லாரித் தண்ணி வாங்குனாங்களாம். எனக்கு ஊருக்கு வந்த பொறவுதான் தெரியும்.”

நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொலைபேசி பேசப்படும் அறையிலேயே வாழ்ந்திருக்கிறேன். ஒருவரையாவது ‘வாருங்கள்’ என்று நான் அழைத்ததாக நினைவில்லை. அது எப்போதும் வேறொருவர் செய்யும் வேலையாக இருந்தது. எல்லாரும் வந்த பிறகு, வாசலில் நின்று “வாங்க” என்பது மட்டும் என் பங்கு.

அமோகம்

செல்வம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் குற்றாலம் போகவில்லை. போனால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்லத் தோன்றும்.

பாப்பாவின் எண்ணை அழுத்தினேன்.

“அத்தான், என்ன? ஒடம்புக்கு என்ன?” என்றாள். நானாக அவளை அழைத்ததே இல்லை என்பதால் பதறிவிட்டாள்.

“உடம்பு நன்றாக இருக்கிறது. சீசனைப் பற்றிச் சொல்லலாம் என்று அழைத்தேன்.”

“சொல்லுங்க.”

“அமோகமாக இருக்கிறது” என்றேன்.



“அத்தான், இப்பதான் செல்வம் வீடியோ காட்டுனான். மெயின் அருவில தண்ணி விழுத எடத்துல கொரங்கு உக்காந்து பேன் பாத்துட்டு இருக்கு.”

“அது பழைய வீடியோ” என்றேன்.

“அப்படியா?”

“ஆம்.”

“கொரங்குக்குப் பக்கத்துல ஒரு ஆளு நிக்காரு. அசப்புல உங்கள மாதிரியே இருக்கு. நீலச் சட்டை.”

முந்தைய நாள் நான் நீலச் சட்டைதான் அணிந்திருந்தேன். 

“அமோகமாவா இருக்கு?” என்று மறுபடி கேட்டாள். குரல் மாறியிருந்தது.

“அமோகமாக” என்றேன்.

“அப்ப சனிக்கெழமையே வாரோம். மாவு நான் ஆட்டிக் கொண்டாரேன். நீங்க கொப்பரைய மட்டும் எறக்கி வைங்க.”

“இறக்கிவிட்டேன்” என்றேன்.

எண்ணெயோடு சென்றவர்கள்

வேன் வந்தது. முதலில் இறங்கியது எண்ணெய்த் தூக்கு. அதை ஏந்தியபடி என் சகலை அருணாசலம் இறங்கினார். பாப்பாவின் கணவர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். விசிலைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றாதவர். அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பது தவறு, வீட்டிலேயே தேய்த்து ஊறவைத்து, ஊறியபடியே அருவிக்குப் போகவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆண்டுதோறும் அதற்காக வேன் இருக்கைகளில் தார்ப்பாய் விரிப்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்த பாப்பா அக்காவின் படத்தின் முன் கொஞ்சம் நின்றாள். பிறகு சமையலறைக்குள் போய், “அத்தான், உப்பு டப்பா எங்க?” என்றாள். அதோடு வீடு என் கையைவிட்டுப் போயிற்று.

அரைமணி நேரத்தில் பேரப்பிள்ளைகள் முதல் சகலை வரை எல்லாரும் எண்ணெயில் மின்னினார்கள். நான் மட்டும் தேய்க்கவில்லை. உடம்புக்கு ஆகாது என்றேன். உண்மைக் காரணம் எனக்குத்தான் தெரியும். குற்றாலத்துக்கு நானும் கூடப்போனேன். பொய் சொன்னவன் அது வெளிப்படும் இடத்தில் இருப்பதே முறை.

பேரருவியில் மனிதக் கூட்டமே இல்லை. பாறை வெயிலில் காய்ந்தது. நடுவில் நூல் போல ஒன்று இறங்கி, பாதி வழியிலேயே காற்றில் காணாமற்போனது. குரங்கு அங்கேயே இருந்தது. பேன் பார்க்கும் வேலை முடிந்து, இப்போது உறங்கிக்கொண்டிருந்தது.

காவலுக்கு நின்ற காவலர் எண்ணெய் வழியும் எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். “எந்த ஊர் அண்ணாச்சி?”

“மதுரை” என்றார் சகலை.

“யாருமே தண்ணி இல்லன்னு சொல்லலையா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குரங்கைப் பார்த்தேன்.

பாப்பா பாறையை உச்சியிலிருந்து அடிவரை நிதானமாகப் பார்த்தாள். “அமோகந்தான் அத்தான்” என்றாள். “அக்கா கூட இந்த அளவுக்குச் சொன்னதில்ல.”

முதலில் சிரித்தவர் காவலர். எண்ணெயோடு வந்தவர்கள் எண்ணெயோடு வேனில் ஏறினார்கள்.

ஆறாவது அருவி

இத்தனை பேர் ஒரு குளியலறையில் குளித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். வழியைக் கண்டுபிடித்தவன் செல்வம். மாடித் தொட்டிக்குள் இறங்கும் மோட்டார்க் குழாயைக் கழற்றி வெளிப்பக்கமாகத் திருப்பி, கயிற்றால் கட்டினான். மோட்டாரைப் போட்டதும் கிணற்றுத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேலிருந்து மொட்டைமாடியில் கொட்டியது. ஐந்தருவியோடு சேர்த்து இது ஆறாவது அருவி என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள்.

உடனே சட்டம் ஒழுங்குச் சிக்கல் எழுந்தது. சகலை தம் விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

“எண்ணெய் தேய்க்காத ஆளு நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி. ட்யூட்டி பாருங்க. பொம்பளையாளுங்க முதல்ல, ஆம்பளையாளுங்க பொறவு.”

பணிக்காலம் முழுவதும் வகுப்பில் குரலையே உயர்த்தாதவன் நான். அன்று விசில் ஊதினேன். முதல் முறை காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை ஊதியபோது, பக்கத்து மாடியில் மைதீன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“சீசன் எப்படி சார்?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“நீங்களே பார்க்கிறீர்களே” என்றேன்.

செல்வம் தன் முறையில் குழாயடியில் நின்றவன் நகரவே இல்லை. இரண்டு முறை விசில் ஊதி வெளியேற்றினேன். மூன்றாம் முறையும் வந்து வரிசையில் நின்றான். “ரிசார்ட்டுல குழாயக் கழட்ட விடமாட்டான் பெரியப்பா” என்றான், பற்கள் தந்தியடிக்க.

அப்போது என் சட்டைப்பையில் உலகம்மாளின் கைபேசி ஒலித்தது. சிவகிரி சுப்பையா அண்ணன். இந்தச் சீசனில் அவர் அழைப்பது அதுதான் முதல்முறை.

“தம்பி, நல்லாருக்கியா?” என்றார். “ஒடம்பு எப்படி இருக்கு?” என்றார். பிறகு மெல்லக் கேட்டார், “அங்கன சீசன் எப்படி?”

பாப்பா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அழைத்தவர் யார் என்று என் முகத்திலேயே கண்டுகொண்டாள். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவள் அக்காவும் அப்படித்தான் ஆட்டுவாள்.

மோட்டாரை நிறுத்துமாறு செல்வத்துக்குச் சைகை காட்டினேன். தண்ணீர் நின்றது. கைபேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றேன்.

“வெயில் மண்டையப் பொளக்குது அண்ணன்” என்றேன்.

மாடியில் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். பாப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அது சீசன் துண்டு. அதன் வழியே எல்லாம் தெரிந்தது.

“மாடு கன்னு?” என்றார் அண்ணன்.

“சுருண்டு கிடக்கின்றன.”

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

“வருசா வருசம் இதத்தான் சொல்லுவா” என்றார். “சரி. அப்ப வெள்ளிக்கெழம வாரேன்.”

“வாருங்கள்.”

“தலையாணியக் கொண்டாந்திருதேன்.”

“கொண்டுவர வேண்டாம் அண்ணன். இங்கே இலவம்பஞ்சில் ஒன்று இருக்கிறது” என்றேன்.

கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு செல்வத்துக்குக் கை காட்டினேன். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. விசில் ஊதினேன். ஆண்கள் முறை.